டோக்கியோ தீயணைப்புத் துறையும் நாமும்: எடோகவா, கோத்தோ வார்டுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் தமிழ் அமைப்புகளுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

2000-ஆம் ஆண்டை ஒட்டிக் கணினி வேலைக்காக நிஷிகசாய் பக்கம் வந்து இறங்கியவர்களில் பலருக்கு இன்று பிள்ளைகள் இங்கேயே பிறந்து பள்ளிக்குப் போகிறார்கள். ரயில், பள்ளி, மருத்துவமனை, வார்டு அலுவலகம் எல்லாம் பழகிவிட்டன. தீயணைப்புத் துறை மட்டும் பெரும்பாலான வீடுகளில் 119 என்ற மூன்று இலக்கத்தோடு நின்றுவிடுகிறது. அந்த எண்ணை அழுத்தினால் வண்டி வரும், உண்மைதான். ஆனால் இந்த ஊரின் தீயணைப்பு ஏற்பாடு பிறந்ததிலிருந்தே இரண்டு கால்களில் நிற்கிறது. ஒன்று, முழுநேர வீரர்கள். மற்றொன்று, அந்தந்தத் தெருவில் குடியிருப்பவர்கள். இரண்டாவது காலில் நம்மவர்களை அநேகமாகக் காண முடிவதில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

இந்த ஏற்பாடு எப்படி உருவானது என்று தெரிந்தால் நாம் சொல்ல வருவது எளிதில் புரியும். 1657-இல் எடோ நகரம், அதாவது அன்றைய டோக்கியோ, இரண்டு நாள் எரிந்தது. மெய்ரெகித் தீ என்று அதற்குப் பெயர். மாண்டவர்கள் ஒரு லட்சம் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. கோட்டையின் நடுக்கோபுரம் அன்று எரிந்து விழுந்தது, இன்றுவரை திரும்பக் கட்டப்படவில்லை. மறு ஆண்டே ஷோகுன் என்ற படைத்தலைவரின் அரசு தன் நேரடிப் படைவீரர்களைக் கொண்டு நிலையான தீயணைப்புக் குழுக்களை நிறுத்தியது. ஆனால் அவை கோட்டையையும் பிரபுக்களின் மாளிகைகளையும் காப்பதையே முதல் வேலையாகக் கொண்டிருந்தன. சாதாரண மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்த மர வீடுகளுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி அப்படியே நின்றது.

அதற்கு விடை சொன்னவர் நகர நடுவர் ஓகா தடாசுகே. அவர் ஏற்பாட்டில் 1720-இல் சுமிதா ஆற்றுக்கு மேற்கே, ஜப்பானிய அகரவரிசையின் எழுத்துகளைப் பெயராகக் கொண்ட குழுக்கள் அமைந்தன. முதலில் 47, பிறகு 48. 'ஹி' என்றால் தீ என்று பொருள்படும் என்பதால் அந்த எழுத்தை விட்டுவிட்டு, 'பத்தாயிரம்' என்பதைக் குறிக்கும் எழுத்தை வைத்தார்கள். 'ஹெ', 'ரா', 'ன்' ஆகியவையும் இப்படியே மாற்றப்பட்டன. ஆற்றுக்குக் கிழக்கே, இன்று நம்மில் பலர் ரயிலில் கடந்து போகும் ஹோன்ஜோ, புகாகவா பகுதிக்குத் தனியாக 16 குழுக்கள். இவற்றில் முக்கிய ஆள்கள் டோபி எனப்பட்ட, உயரத்தில் ஏறி வேலை செய்யும் கட்டடத் தொழிலாளர்கள். தண்ணீர் அடிப்பது அன்று பெரிய வேலையே இல்லை, கைப்பம்பு அவ்வளவு பலவீனம். காற்று போகும் திசையில் முன்னே ஓடி, கொக்கியால் வீடுகளை இழுத்துச் சாய்த்து, தீக்குத் தீனி இல்லாமல் செய்வதுதான் முறை. கட்டத் தெரிந்தவனுக்குத்தான் வேகமாகப் பிரிக்கத் தெரியும். அதனால்தான் டோபிகள். குழுவின் கொடியான மதோயைக் கூரைமேல் ஏந்தி நிற்பவன், இந்த இடத்தோடு தீயை நிறுத்துவோம் என்று ஊருக்குக் காட்டுகிறான். இதற்கான செலவு அந்தந்தத் தெருவாசிகளுடையது.

மெய்ஜி காலத்தில் 1872-இல் இந்தக் குழுக்கள் 39 ஆகச் சுருங்கின. 1880 ஜூன் 1 அன்று அரசின் முதல் தீயணைப்புத் தலைமையகம் வந்தது, அடுத்த 68 ஆண்டுகள் தீயணைப்பு காவல்துறையின் கைக்குள்ளேயே இருந்தது. 119 என்ற எண் 1927-இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு 112 ஆக இருந்தது, தவறாகச் சுழற்றுவோர் அதிகமானதால் மாற்றினார்கள்.

1923 செப்டம்பர் 1, காலை 11:58. மதியச் சமையலுக்கு அடுப்பு எரிந்துகொண்டிருந்த நேரம் பார்த்துப் பூகம்பம் வந்தது. ஒரே வேளையில் நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் தீ கிளம்பியது. தண்ணீர்க் குழாய்கள் உடைந்துபோயிருந்தன. மொத்த உயிரிழப்பு ஏறத்தாழ 1,05,000. அதில் மிகப் பெரும்பங்கு தீயால் போனது. ஹோன்ஜோவில் ராணுவ உடைக் கிடங்கு இருந்த வெற்றிடத்தில் மட்டும், தட்டுமுட்டுச் சாமான்களோடு தஞ்சம் புகுந்த ஏறத்தாழ 38,000 பேர் தீச்சுழலில் சிக்கி இறந்தார்கள். அந்த இடம் இப்போது சுமிதா வார்டில் யோகோஅமிச்சோ பூங்கா. கசாயிலிருந்து அரை மணி நேரப் பயணம். ஒருமுறை பிள்ளைகளை அங்கே கூட்டிப் போங்கள்.

இன்றைய துறையின் வடிவம் 1948 மார்ச் 7 அன்று நடைமுறைக்கு வந்த தீயணைப்பு அமைப்புச் சட்டத்திலிருந்து தொடங்குகிறது. அது தீயணைப்பைக் காவல்துறையிடமிருந்து பிரித்து நகராட்சிகளின் பொறுப்பாக்கியது. டோக்கியோ இதில் விதிவிலக்கு. 23 வார்டுகளும் சேர்ந்து ஒரே நகரம் என்று கருதப்பட்டு, ஆளுநரின் கீழ் ஒரே துறை அமைந்தது. பிறகு மேற்கே தமா பகுதியின் நகரங்களும் ஒவ்வொன்றாகத் தங்கள் தீயணைப்பை இதனிடம் ஒப்படைத்தன. அங்கே இனாகி நகரம் மட்டும் இன்றும் தனித் துறை வைத்திருக்கிறது. இப்போது 10 மண்டலத் தலைமையகங்கள், 81 நிலையங்கள், 200-க்கு மேற்பட்ட கிளைகள், ஏறத்தாழ 18,000 பணியாளர்கள். எடோகவா வார்டில் மூன்று நிலையங்கள் உள்ளன: எடோகவா, கசாய், கொய்வா. மூன்றும் ஏழாம் மண்டலம். கோத்தோ வார்டின் புகாகவாவும் ஜோத்தோவும் அதே மண்டலத்தில்தான். உங்கள் வீடு எந்த நிலையத்தின் கீழ் வருகிறது என்பதை இன்றே தெரிந்துகொள்ளுங்கள். வண்டி எங்கிருந்து வரும் என்பதை மட்டுமல்ல, உங்கள் குடியிருப்பைப் பரிசோதிப்பது யார், பயிற்சிக்கு யாரிடம் போய்க் கேட்பது என்பதையும் அதுதான் முடிவு செய்கிறது.

இனி 119. அழைத்தால் முதல் கேள்வி "காஜி தெசுகா, க்யூக்யூ தெசுகா" என்பது. தீயா, ஆம்புலன்ஸா என்று பொருள். பதற்றத்தில் நடந்ததை முழுக்கச் சொல்லத் தொடங்காதீர்கள். ஒரு சொல்லில் விடை சொல்லுங்கள். அடுத்து முகவரி. ஊர்ப் பெயரிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் எடோகவா ஆற்றின் அக்கரை சீபா மாநிலம். ஆற்றோரத்தில் கைப்பேசியிலிருந்து அழைத்தால் இச்சிகாவா, உராயாசு பக்கத்து மையத்துக்கு இணைப்பு போய்விடலாம். "டோக்கியோ, எடோகவா-கு" என்று தொடங்கினால் உடனே மாற்றிக் கொடுப்பார்கள். பிறகு தெருப்பகுதி, சோமே என்ற உட்பிரிவு எண், மனை எண், கட்டடத்தின் பெயர், தளம். வெளியே இருந்து முகவரி தெரியவில்லையா? பக்கத்துப் பானம் விற்கும் இயந்திரத்தில் முகவரி ஒட்டியிருக்கும், மின்கம்பத்திலும் இருக்கும். ஜப்பானிய மொழி வரவில்லை என்றால் "இங்கிலிஷ் ப்ளீஸ்" என்று சொல்லி, இணைப்பைத் துண்டிக்காமல் காத்திருங்கள். தொலைபேசி மொழிபெயர்ப்பாளரை மூன்றாவது ஆளாகச் சேர்ப்பார்கள். உங்கள் வீட்டு முகவரியை ஜப்பானிய உச்சரிப்பிலேயே தமிழில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள். ஊரிலிருந்து வந்து தங்கும் அப்பா அம்மா வீட்டில் தனியாக இருக்கும்போது அந்தத் தாள்தான் உதவும்.

ஆம்புலன்ஸ் பற்றி நம்மவர்களுக்கு இரண்டு குழப்பங்கள் உண்டு. நெஞ்சுவலி என்று அழைத்தால் ஆம்புலன்ஸுக்கு முன்பே சிவப்புத் தீயணைப்பு வண்டி வந்து நிற்கலாம். தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். ஆம்புலன்ஸில் வருவது மூன்று பேர்தான். மார்பை அழுத்தவும், குறுகிய படிக்கட்டில் தூக்கி இறக்கவும் ஆள் போதாத இடத்துக்குப் பம்பு வண்டிக் குழுவையும் சேர்த்தே அனுப்புவது இங்கே வழக்கம். இரண்டாவது, ஏற்றிய பிறகும் வண்டி புறப்படாமல் நிற்பது. அப்போது உள்ளே இருப்பவர்கள் எந்த மருத்துவமனை எடுத்துக்கொள்ளும் என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஐந்து இடங்களில் மறுப்பு, அல்லது 20 நிமிடம் கடந்தும் இடம் கிடைக்கவில்லை என்றால், 2009-இல் வந்த 'டோக்கியோ விதி'ப்படி அந்த வட்டாரத்தின் பொறுப்பு மருத்துவமனைகள் தேடலில் இறங்கும். மருந்துச் சீட்டு, காப்பீட்டு விவரம் காட்டும் அட்டை, நோயாளியின் செருப்பு மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். செருப்பை மறந்துவிட்டு விடிகாலை மூன்று மணிக்கு மருத்துவமனை வாசலில் வெறுங்காலோடு நிற்கும் நோயாளிகள் உண்டு. ஆம்புலன்ஸ் தேவையா என்றே தெரியாத நிலையில் #7119-ஐ அழைக்கலாம். 2007 முதல் இருக்கும் ஆலோசனை எண் அது. ஆண்டுக்கு 9 லட்சம் முறைக்கு மேல் ஆம்புலன்ஸ் புறப்படும் ஊரில், அந்த ஒரு அழைப்பு இன்னொருவரின் உயிருக்கு இடம் விடுகிறது.

நம் சமையலறைக்கு வருவோம். இங்கே விரிவாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஜப்பானிய அடுப்பு தோசைக்கல்லை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டதல்ல. 2008 அக்டோபருக்குப் பிறகு விற்கப்படும் இரட்டை எரிவாயு அடுப்புகளில் ஒவ்வொரு பர்னரின் நடுவிலும் ஒரு வெப்ப உணரி உண்டு. பாத்திரத்தின் அடி ஏறத்தாழ 250 டிகிரியைத் தொட்டால் தீயைக் குறைக்கும், பிறகு அணைக்கும். சமையல் எண்ணெய் 360, 370 டிகிரியில் தானே பற்றிக்கொள்ளும் என்பதால் வைத்த காவல் அது. இரும்புக் கல்லைக் காய வைக்கும்போதும், கடுகு, மிளகாய் வறுக்கும்போதும் அடுப்பு அணைகிறதே என்ற எரிச்சலில் உணரியை அழுத்திக் கட்டிவிடுவதும், கல்லுக்கும் உணரிக்கும் இடையில் வளையம் வைப்பதும் வேண்டாம். உயர்வெப்பச் சமையலுக்கு என்று பல அடுப்புகளில் தனிப் பொத்தான் உண்டு, சில நொடி அழுத்திப் பிடித்தால் வரம்பு கொஞ்சம் உயரும். அதைப் பயன்படுத்துங்கள். பொரிக்கும்போது அதைத் தொடாதீர்கள். மின்தூண்டல் (இன்டக்‌ஷன்) அடுப்பில் சிக்கல் வேறு. கையேடு சொல்லும் அளவைவிடக் குறைவாக எண்ணெய் ஊற்றினாலோ, அடி வளைந்த வாணலியை வைத்தாலோ உணரிக்கு உண்மையான சூடு தெரியாது, எண்ணெய் சட்டென்று பற்றிவிடும்.

பண்டிகைக்கு மாடியில் வைத்துத் தோசை ஊற்றும் கேசட் அடுப்பில், அதாவது சிறு எரிவாயு உருளை பொருத்திய கையடக்க அடுப்பில்தான் பெரிய ஆபத்து. அடுப்பைத் தாண்டி நீளும் தோசைக்கல்லை வைத்தால், அடுப்பின் பக்கவாட்டுப் பெட்டிக்குள் இருக்கும் எரிவாயு உருளையின் மேல் கல் கவிந்து சூட்டைத் திருப்பி அடிக்கும். உருளை வெடிக்கும். இரண்டு அடுப்புகளை ஒட்டிவைத்து ஒரே பெரிய கல்லைப் போடுவதும் அதே கதைதான்.

எண்ணெய் பற்றிவிட்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. தெரிந்தும் கை தண்ணீரைத்தான் தேடும். தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய் நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயைக் கூரைவரை தூக்கி எறியும். முதலில் எரிவாயுவை மூடுங்கள். மூட முடிந்தாலும் முடியாவிட்டாலும் அடுத்து தீயணைப்பானை எடுங்கள். ஊசியை உருவி, குழாய் முனையைத் தீயின் அடிக்குக் காட்டி, பிடியை அழுத்துங்கள். சாதாரணப் பொடி வகை ஏறத்தாழ 15 நொடிதான் வரும், மூன்றிலிருந்து ஐந்து மீட்டர்வரைதான் எட்டும். எண்ணெய்க்கு மிக நெருங்கி அடித்தால் அதன் வேகத்திலேயே எண்ணெய் தெறிக்கும். தீ கூரையைத் தொட்டுவிட்டால் நம் வேலை முடிந்தது. கதவைச் சாத்திக்கொண்டு வெளியேற வேண்டும். புடவைத் தலைப்பு, துப்பட்டா போல உடுத்திய துணி பற்றிக்கொள்ளும் விபத்தை இங்கே தனி வகையாகவே கணக்கிட்டு எச்சரிக்கிறார்கள். கார்த்திகைத் தீபத்தன்று பால்கனியிலும் பூஜையிடத்திலும் விளக்கை எரியவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். திரைச்சீலை ஓர் அடி தள்ளியே இருக்கட்டும்.

பால்கனி என்றதும் இன்னொன்று. அடுத்த வீட்டுப் பக்கத் தடுப்புப் பலகை ஆபத்தில் உதைத்து உடைத்துக்கொண்டு போகவே மெல்லியதாக வைக்கப்பட்டிருக்கிறது. தரையில் உள்ள இரும்பு மூடி கீழ்த்தளத்துக்கு ஏணி இறக்கும் வழி. அதன்மேல் துளசி மாடமோ சைக்கிளோ நிற்கக் கூடாது. சன்னலில் சிவப்புத் தலைகீழ் முக்கோணம் இருந்தால் அது வீரர்கள் உள்ளே நுழையும் வழி. அந்த இடத்தில் அலமாரி வைக்காதீர்கள். டோக்கியோவில் 2010 ஏப்ரலிலிருந்து பழைய வீடுகளுக்கும் தீ எச்சரிப்புக் கருவி கட்டாயம். தாளிப்புப் புகைக்கு அலறுகிறது என்று கழற்றிவிடாமல், சமையலறையில் மட்டும் வெப்பத்தை உணரும் வகைக்கு மாற்றித் தரச் சொல்லி வீட்டு நிர்வாகத்தைக் கேளுங்கள். பத்து ஆண்டு கடந்த கருவியை மாற்றிவிட வேண்டும்.

உணவகம் நடத்துவோருக்கு ஒரு பத்தி. 2016 டிசம்பர் 22 அன்று நீகாத்தா மாநிலத்தின் இத்தோய்கவா நகரில், ஓர் உணவகத்தில் கவனிக்காமல் விட்ட அடுப்பிலிருந்து கிளம்பிய தீ, பலத்த தென்காற்றில் 147 கட்டடங்களைத் தொட்டது. அதன் விளைவாக 2019 அக்டோபர் 1 முதல், எவ்வளவு சிறிய உணவகமானாலும் தீ மூட்டிச் சமைத்தால் தீயணைப்பான் கட்டாயம். உரிய பாதுகாப்புக் கருவி பொருத்திய அடுப்புகளுக்கு விலக்கு உண்டு. 30 பேரோ அதற்கு மேலோ கொள்ளும் இடத்துக்குத் தீத்தடுப்பு மேலாளர் சான்று பெற்ற ஒருவர் வேண்டும். புகைபோக்கிக் குழாயில் படியும் நெய்ப்பிசுக்கை அடிக்கடி வழித்தெடுங்கள், தீ கண்ணுக்குத் தெரியாமல் மேல்தளத்துக்குப் போவது அதன் வழியாகத்தான். அரிசி மூட்டைகளைப் படிக்கட்டில் அடுக்காதீர்கள். 2001 செப்டம்பர் 1 அன்று டோக்கியோவின் கபுகிச்சோவில் 44 பேர் மாண்ட கட்டடத்தில், இருந்த ஒரே படிக்கட்டு பொருள்களால் அடைபட்டிருந்தது.

பொங்கல், தீபாவளி விழாக்களில் உணவுக்கடை போடும் அமைப்புகளே, அடுப்போ ஜெனரேட்டரோ வைத்தால் தீயணைப்பான் வைப்பதும் முன்கூட்டியே நிலையத்தில் படிவம் கொடுப்பதும் 2014 முதல் டோக்கியோவின் விதி. 2013 ஆகஸ்ட் 15 அன்று கியோத்தோ மாநிலத்தின் ஃபுகுச்சியாமா நகர வாணவேடிக்கையில் பெட்ரோல் கேன் பீறிட்டு மூன்று பேர் இறந்ததன் தொடர்ச்சி அது. ஜெனரேட்டரின் வெப்பக்காற்று படும் இடத்தில் கேனை வைக்காதீர்கள். மூடியைத் திறக்கும் முன் காற்றுத் திருகைத் தளர்த்தி அழுத்தத்தை வெளியேற்றுங்கள். எண்ணெய் நிரப்பும் முன் இயந்திரத்தை நிறுத்துங்கள்.

இப்போது மடலின் முக்கியப் பகுதிக்கு வருகிறோம். டோக்கியோவில் சாதாரணமாக ஆண்டுக்கு 4,000 அளவில் தீவிபத்துகள் நடக்கின்றன. அதாவது நாளுக்குப் பத்துப் பதினொன்று. துறையிடம் உள்ள பம்பு வண்டிகள் ஏறத்தாழ 500. ஒரு வீட்டுத் தீக்குப் பல வண்டிகள் வருவதற்கு அதுதான் காரணம். ஆனால் பெரிய பூகம்பத்தில் சில நிமிடங்களுக்குள் நூற்றுக்கணக்கான இடங்களில் தீ கிளம்பினால் கணக்கு தலைகீழாகும். மாநகர அரசு 2022-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, நகரத்துக்கு நேர் அடியில் ஒரு பெரிய பூகம்பம் வந்தால் 6,100-க்கு மேற்பட்ட உயிரிழப்பு இருக்கலாம், அதில் ஏறத்தாழ 2,500 தீயினால். 1995 ஜனவரி 17 அன்று கோபே நகரப் பூகம்பத்தில் இது நேராக நடந்தது. குழாய்கள் உடைந்து, தீயணைக்கத் தண்ணீர் எடுக்கும் தெருவோரக் குழாய்வாய்களான ஹைட்ரன்ட்டுகள் வறண்டன. கடலிலிருந்து நீண்ட தூரம் இழுத்த ஹோஸ்களின்மேல் வாகனங்கள் ஏறின. இடிபாடுகளில் சிக்கி வெளியே எடுக்கப்பட்டவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோரைத் தூக்கியது அக்கம்பக்கத்தார் என்பது பின்னர் செய்த மதிப்பீடு. அந்தப் பாடத்திலிருந்து டோக்கியோ 1996 டிசம்பரில் 'ஹைப்பர் ரெஸ்க்யூ' என்ற சிறப்பு மீட்புப் படையை உருவாக்கியது. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா அணு உலைக்குத் தண்ணீர் அடித்தது அந்தப் படைதான். அவர்கள் திறமையில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் முதல் ஒரு மணி நேரத்தில் உங்கள் தெருவுக்கு அவர்களால் வர முடியாது.

அந்த ஒரு மணி நேரத்துக்கு உரியவர்கள் மூன்று வகை. ஷோபோடான் என்ற பகுதிநேரத் தீயணைப்புக் குழு, சோனைகாய் அல்லது ஜிச்சிகாய் என்ற தெருச் சங்கம், பிறகு வீட்டில் இருப்பவர்கள். 23 வார்டுகளிலும் 58 ஷோபோடான்கள் உள்ளன, அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை 16,000. பகலில் கடைக்காரரும் அலுவலகப் பணியாளருமாக இருப்பவர்கள் இவர்கள். எழுத்துப் பெயர் தாங்கிய அந்தப் பழைய குழுக்களின் வழித்தோன்றல்கள் என்று இவர்களைச் சொல்லலாம். கையால் தூக்கிச் செல்லும் சிறு பம்பை இவர்கள் பூமிக்கடியில் உள்ள 40 கன மீட்டர் தொட்டிகளில் இறக்குகிறார்கள். நிமிடத்துக்கு ஒரு கன மீட்டர் வீதம் 40 நிமிடம் அடிக்கும் அளவு அது. உறிஞ்சுகுழாய் இணைப்பில் மயிரிழை காற்று புகுந்தாலும், நுனி வடிகட்டி தண்ணீருக்குள் முழுதாக மூழ்காவிட்டாலும் பம்பு எவ்வளவு உறுமினாலும் தண்ணீர் ஏறாது. அதனால்தான் மாதாமாதம் பழகுகிறார்கள்.

தெருச் சங்கத்தின் கையில் இருப்பது ஸ்டாண்ட்பைப், அதாவது ஹைட்ரன்ட்டில் செருகி ஹோஸை இணைக்கும் நிமிர்ந்த குழாய். குழாயில் தண்ணீர் இருக்கும்வரை யார் வேண்டுமானாலும் இயக்கலாம், ஆனால் பழகியிருக்க வேண்டும். மஞ்சள் கோட்டுக்குள் இருக்கும் ஹைட்ரன்ட் மூடியைக் கொக்கியால் தூக்கிச் சுழற்றி ஒதுக்குங்கள், கால்விரல் பத்திரம். உள்ளே தண்ணீர் வரும் வாயில் பைப்பை நேராகச் செருகுங்கள். கிளிக் என்ற சத்தத்தை மட்டும் நம்பாமல் மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள். சரியாகப் பூட்டாவிட்டால் தண்ணீரின் அழுத்தத்தில் பைப் பிய்த்துக்கொண்டு மேலே எழும்பும். ஹோஸை முறுக்கும் மடிப்பும் இல்லாமல் விரியுங்கள். ஹோஸின் நுனியான நாசிலைப் பிடிப்பவருக்குப் பின்னால் இன்னொருவர் நின்று தாங்க வேண்டும். முன்னால் இருப்பவர் "ஹோசுயி ஹஜிமே" (தண்ணீர் அடிக்கத் தொடங்கு) என்று குரல் கொடுத்த பிறகுதான் வால்வைத் திறக்கலாம், அதுவும் மெதுவாக. ஒரே திருப்பில் திறந்தால் ஹோஸ் பாம்பாக அடிக்கும், நாசில் கையை விட்டுப் பறந்து முகத்தை உடைக்கும். சாலையில் ஹைட்ரன்ட்டுக்கு ஐந்து மீட்டருக்குள் வண்டி நிறுத்தக் கூடாது என்று சட்டம் சொல்வதும் இந்த வேலைக்காகத்தான்.

பூகம்பத்தில் வீட்டை விட்டு வெளியேறும் முன் மின்பிரேக்கரை இறக்கிவிடுங்கள். கோபேயில் காரணம் தெரிந்த தீக்களில் ஏறத்தாழ 60 சதவீதம் மின்சாரம் தொடர்பானவை. மின்சாரம் திரும்பி வந்தபோது, கவிழ்ந்து கிடந்த ஹீட்டரும் நசுங்கிய கம்பியும் ஆளில்லா வீட்டில் தீ வைத்தன. எரிவாயு மீட்டர் பலமான அதிர்வில் தானே மூடிக்கொள்ளும். மறுபடி திறக்க அதன் பொத்தானை அழுத்தி ஏறத்தாழ மூன்று நிமிடம் அடுப்பைத் தொடாமல் காத்திருக்க வேண்டும். வாயு நாற்றம் இருந்தால் அதையும் செய்யாதீர்கள்.

தமிழ் அமைப்புகளிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான். ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்று ஒதுக்குங்கள். சுமிதா வார்டின் ஹோன்ஜோ பேரிடர்ப் பயிற்சிக்கூடம் தீயணைப்புத் துறையுடையது, கட்டணம் இல்லை. பூகம்ப மேடை, புகை நிறைந்த வழிக்கூடம், தீயணைப்பான் பயிற்சி மூன்றும் அங்கே உண்டு. குழுவாகப் போகும் முன் பதிவு செய்யுங்கள், மொழிபெயர்க்க இருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். அதோடு கசாய் நிலையத்துக்கோ ஜோத்தோ நிலையத்துக்கோ போய் மூன்றைக் கேளுங்கள்: எங்கள் குடியிருப்பின் அடுத்த தெருப்பயிற்சி எந்தத் தேதியில், ஸ்டாண்ட்பைப் எங்கே வைத்திருக்கிறீர்கள், ஷோபோடானில் சேர எங்கள் நாட்டினருக்கு என்ன விதி. ஒரு குடியிருப்புக்கு நான்கு பேர் அந்தப் பயிற்சிக்குப் போனால் போதும். மூடி திறக்க ஒருவர், வால்வுக்கு ஒருவர், நாசிலுக்கு இருவர்.

அன்புடன்,
தீத்தடுப்புப் பணி அறிந்த சிலர், டோக்கியோ